ஹீட்டரைத் தொடாமலே ஹீட்டர் நிற்பது எப்படி?

நவம்பர் பிறந்தால் டொராண்டோ கராஜ்களில் ஒரு புகார் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் வரும். ரேடியேட்டர் ஒழுகியது, மாற்றியாயிற்று. அல்லது டைமிங் பெல்ட்டோடு சேர்த்து வாட்டர் பம்பையும் மாற்றியாயிற்று. வண்டி நன்றாக ஓடுகிறது, ஒழுக்கு நின்றுவிட்டது, பில்லும் கட்டியாகிவிட்டது. ஆனால் ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்றுதான் வருகிறது. வேலைக்கு விடும் முன்பு அதே ஹீட்டர் நன்றாகச் சூடு தந்துகொண்டிருந்தது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினால், "நாங்கள் ஹீட்டரைத் தொடவே இல்லையே, அது வேறு கோளாறு" என்ற பதிலும் புதிதாக ஒரு மதிப்பீடும் கிடைக்கும்.

இந்தப் பதில் எவ்வளவு தூரம் நியாயம்? ஹீட்டர் பக்கம் கையே வைக்காமல் ஹீட்டரை நிறுத்திவிட முடியுமா? தாராளமாக முடியும். பழுதுபார்த்த கையோடு நின்றுபோன ஹீட்டருக்கு, செய்த வேலைக்குள்ளேயே முதலில் காரணத்தைத் தேட வேண்டும். அங்கே இல்லை என்று உறுதியான பிறகே வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. ஹீட்டர் கோர், தெர்மோஸ்டாட், மோட்டார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் பணத்தைத் தின்னும். ஹீட்டர் குளிர்ந்ததற்கான உண்மைக் காரணத்தைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தால் எஞ்சினையே தின்றுவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது

பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு எதுவும் கிடையாது. எரிபொருளில் உள்ள சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் கூலன்ட்டுக்குள் இறங்குகிறது. ரேடியேட்டர் வெளியே வாரி இறைக்க வேண்டிய அந்த வெப்பத்தில் கொஞ்சத்தை டேஷ்போர்டுக்குப் பின்னால் திருப்பிவிட்டால் அதுதான் ஹீட்டர். அங்கே ஹீட்டர் கோர் என்ற சின்ன ரேடியேட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினிலிருந்து ஒரு ஹோஸ் அதற்குச் சூடான கூலன்ட்டைக் கொண்டுவரும், இன்னொன்று திருப்பி எடுத்துப்போகும். ஊதும் மின்விசிறி அதன் வழியாகக் காற்றைத் தள்ளும். எவ்வளவு காற்று கோர் வழியாகப் போக வேண்டும், எவ்வளவு ஒதுங்கிப் போக வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் ஒரு கதவு தீர்மானிக்கும். நாம் திருகும் சிவப்பு-நீலக் குமிழ் நகர்த்துவது பெரும்பாலும் இந்தக் கதவைத்தான்.

வெளிக்காற்றை உள்ளே இழுத்து, எஞ்சின் சூட்டுநீர் ஓடும் கோர் வழியாகச் செலுத்தும் முறையை அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938இல் தன் கார்களில் கொண்டுவந்தது. இன்றைய ஹீட்டரும் அடிப்படையில் அதுவேதான். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் விதிவிலக்கு. அதன் எஞ்சின் காற்றால் குளிர்வது. கூலன்ட் கிடையாது, கோரும் கிடையாது. புகைக்குழாயைச் சுற்றி வரும் காற்றைத்தான் உள்ளே விட்டார்கள். இந்தக் கட்டுரையில் வரும் தொல்லைகளில் பாதி அந்த வண்டிக்காரருக்கு இல்லை. குழாய் துருப்பிடித்தால் புகைநெடி வண்டிக்குள் வரும் என்ற வேறு தொல்லை அவருக்கு உண்டு.

தமிழ்நாட்டில் ஊட்டி, கொடைக்கானல் வண்டிக்காரர்களைத் தவிர சிவப்புப் பக்கம் குமிழைத் திருப்பியவர்கள் குறைவு. ஆனால் அனுபவமுள்ள டிரைவர்கள் ஒரு வித்தை வைத்திருப்பார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எஞ்சின் முள் மேலே போனால், ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு ஜன்னல்களை இறக்கிவிடுவார்கள். உள்ளே உட்கார முடியாது, ஆனால் முள் இறங்கும். ஹீட்டர் கோர் உண்மையில் இரண்டாவது ரேடியேட்டர் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம். கூலன்ட் ஓட்டத்தில் நடக்கும் எந்தக் குளறுபடியும் ஹீட்டரில் முதலில் தெரியவருவதும் இதனால்தான்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாகனப் பாதுகாப்பு விதிகளில் 103ஆம் எண் விதி, முன்கண்ணாடியின் பனியையும் ஆவிப்படலத்தையும் நீக்கும் வசதி ஒவ்வொரு காரிலும் இருக்க வேண்டும் என்கிறது. ஹீட்டர் நின்றால் கால் விறைப்பது மட்டும் நடக்காது. முன்னால் வருவது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

ஏர் பிடித்த கதை

வயல் கிணற்றில் பம்புசெட் போட்டவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். மோட்டார் சுற்றும், சத்தம் வரும், தண்ணீர் வராது. குழாயில் ஏர் பிடித்திருக்கும். பம்பின் வாயில் நீரை ஊற்றி நிரப்பி, காற்றை வெளியேற்றினால்தான் ஓட்டம் பிடிக்கும். காரின் வாட்டர் பம்பும் அதே இனம். சுழலும் இறக்கைகளால் நீரைத் தள்ளும், காற்றைத் தள்ளத் தெரியாது.

ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ், ஹெட் கேஸ்கட் எதை மாற்றினாலும் கூலன்ட்டை வடிக்க வேண்டும். திரும்ப நிரப்பும்போது அது போன இடமெல்லாம் காற்று விலகி வழிவிட வேண்டும். ஆனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேட்டர் வழியைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருக்கிறது. அதன் அடியில் எஞ்சினுக்குள் காற்று சிறைப்படும். காற்று மேலே போகும். பல கார்களில் ஹீட்டர் கோர் ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில், அல்லது ஏறக்குறைய அதே மட்டத்தில் இருக்கிறது. ஆகவே காற்று கடைசியில் குடியேறும் இடம் அதுதான். மூடிவரை கூலன்ட் ததும்புகிறது, நிரப்பியவருக்குத் திருப்தி, கோருக்குள் ஒரு சொட்டு ஓட்டம் இல்லை.

இதற்கு அடையாளங்கள் உண்டு. காலையில் வண்டியைக் கிளப்பியதும் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடைநீர் சலசலக்கும் சத்தம். நெடுஞ்சாலையில் ஹீட்டர் சுடுகிறது, சிவப்பு விளக்கில் நின்றால் குளிர்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சூடு, விட்டால் குளிர். பம்ப் வேகமாகச் சுற்றும்போது காற்றைத் தாண்டிக் கொஞ்சம் கூலன்ட்டைத் தள்ளிவிடுகிறது, மெதுவாகச் சுற்றும்போது தோற்றுப்போகிறது. ஐட்லிங்கில் மட்டும் குளிரும் ஹீட்டரைப் பார்த்தால் முதல் சந்தேகம் காற்றின் மேலும் குறைந்த கூலன்ட்டின் மேலும்தான் விழ வேண்டும்.

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு கராஜில் கண்ட காட்சி இது. வேறு இடத்தில் ரேடியேட்டர் மாற்றிய வண்டி. மெக்கானிக் பானெட்டைத் திறந்து, எஞ்சினிலிருந்து உள்ளே போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் ஒவ்வொரு கையால் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணை, இது கொதிக்குது, மற்றது பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு. உள்ள காத்து நிக்குது போல. கோர் மாத்தச் சொல்லி ஆர் சொன்னது?"

"அங்க, முதல் பார்த்த இடத்திலதான் தம்பி. ஆயிரத்து அஞ்சூறு வரும் எண்டவை."

எஞ்சினை ஆறவிட்டார். முன்சக்கரங்களைச் சரிவுப்பலகையில் ஏற்றி, ரேடியேட்டர் வாயை வண்டியிலேயே உயரமான இடமாக்கினார். அதில் இறுக்கமாகப் பொருந்தும் பெரிய புனலை வைத்து, பாதிவரை கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, ஊதியை மெல்ல வைத்து எஞ்சினைக் கிளப்பினார். முதலில் சிறு குமிழிகள் வந்தன. தெர்மோஸ்டாட் திறந்ததும் புனல் மட்டம் சட்டென்று இறங்கியது. ரேடியேட்டர் விசிறி இரண்டாம் முறை ஓடத் தொடங்கிய நேரத்தில் 'களக்' என்று பெரிய குமிழி ஒன்று வெளியே வந்தது. அடுத்த நிமிடத்தில் உள்ளே உட்கார்ந்திருந்த வண்டிக்காரர் கையை ஊதிக்கு நேரே நீட்டிவிட்டுச் சிரித்தார். கோர் மாற்றுவதென்றால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். ஒரு நாள் கூலி.

எல்லா வண்டியும் இப்படிப் புனலுக்கு மசியாது. பல ஹோண்டாக்களில் தெர்மோஸ்டாட் உறைக்கு அருகே காற்று எடுப்பதற்கென்றே ஒரு போல்ட் வைத்திருக்கிறார்கள். அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வழியும்வரை விட வேண்டும். எஞ்சின் படுத்த வாக்கில் இருக்கும் சுபாருக்களில் காற்று லேசில் வெளியே வராது. மூக்கைத் தூக்கி நிறுத்திப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். மின்சார பம்ப் வைத்த சில பி.எம்.டபிள்யூ மாடல்களில் எஞ்சினைக் கிளப்பவே கூடாது. சாவியைப் போட்டு, ஹீட்டரை உச்சத்தில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை 10 விநாடி அழுத்திப் பிடித்தால், பம்ப் தானாகச் சுமார் 12 நிமிடம் சுற்றிக் காற்றை எடுத்துவிடும். இது தெரியாதவர் அந்த வண்டியில் நாள் முழுக்க எஞ்சினை உறுமவிட்டாலும் பலன் இல்லை. வட அமெரிக்காவில் விற்ற 2004 முதல் 2009 வரையிலான பிரியஸில் சுடுகூலன்ட்டைச் சேமிக்கும் பிளாஸ்க் போன்ற தொட்டியே இருந்தது. அதற்குத் தனி மின்பம்பு. அதிலும் பம்பை ஓட்டினால்தான் காற்று நகரும்.

இப்போது நல்ல கராஜ்களில் வெற்றிட முறை வந்துவிட்டது. மூடி இருந்த இடத்தில் ஒரு கருவியைப் பொருத்தி, கம்ப்ரெஸர் உதவியால் உள்ளிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடமே கூலன்ட்டை உள்ளே இழுக்கும்படி விடுவார்கள். ஹோஸ்கள் சப்பிப்போய் நிற்பதைப் பார்த்தால் பயமாக இருக்கும். இதில் இன்னொரு ஆதாயம், கருவியின் முள் இறங்காமல் நின்றால் ஒழுக்கு இல்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடுகிறது. இந்தக் கருவி இல்லாத கராஜைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் காற்று எடுக்கும் வேலைக்கு நேரமே ஒதுக்காத கராஜைச் சொல்வேன்.

காற்று எடுத்தார்களா என்று அறிய லிட்டர்க் கணக்கு ஒன்று போதும். வடித்தது 5 லிட்டர், திரும்ப ஏற்றது மூன்றரை லிட்டர்தான் என்றால் மீதி ஒன்றரை லிட்டர் இடத்தில் இருப்பது காற்று. கையேட்டில் உள்ள மொத்தக் கொள்ளளவோடு ஒப்பிடக் கூடாது. வடித்தாலும் எஞ்சின் உடலுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். வடித்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும். பில்லில் கூலன்ட்டின் அளவு எழுதியிருந்தால் பாருங்கள்.

கையும் முள்ளும்

ஸ்கார்பரோ மெக்கானிக் செய்ததுபோல் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்ப்பது இந்த விசாரணையின் பாதி. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, விசிறியிலும் பெல்ட்டிலும் கை படாமல், கையுறை போட்டுக்கொண்டு பார்க்கலாம். இரண்டும் சுட்டால் கூலன்ட் கோருக்குள் வந்து போகிறது. குற்றம் காற்றுப் பக்கத்தில், கதவிலோ ஊதியிலோ. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்தால் கோருக்குள் ஓட்டம் இல்லை: காற்று, அடைப்பு, மூடிய வால்வு, அல்லது மடங்கிய ஹோஸ். இரண்டும் வெதுவெதுப்பாகவே இருந்தால் எஞ்சினே சூடாகவில்லை, அல்லது கூலன்ட் அங்கே வந்து சேரவில்லை. வெப்பத்தைத் தூரத்திலிருந்து அளக்கும் கருவி இருந்தால் இன்னும் வசதி. ஆனால் பளபளக்கும் உலோகக் குழாயில் அது தப்பாகக் காட்டும். கறுப்பு ரப்பரில் வைத்துப் பார்க்க வேண்டும்.

டேஷ்போர்டு முள்ளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இன்றைய கார்கள் பலவற்றில் முள் நேரடியாக எதையும் அளப்பதில்லை. வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அதைவிட மோசம், வெப்பம் அளக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்காமல் காற்றுப் பையில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் கொதித்தாலும் முள் பேசாமல் இருக்கும். கனடாவில் 1998க்குப் பிந்தைய கார் என்றால், காரின் கணினியைப் படிக்கும் மலிவான ஓபிடி ரீடர் ஒன்றைச் செருகிக் கூலன்ட்டின் உண்மையான டிகிரியைப் பார்க்கலாம். அதுவும் அதே சென்சாரின் பேச்சுத்தான் என்பதை மறக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் அபாயமான சேர்க்கை ஒன்று உண்டு. ஹீட்டர் திடீரென்று குளிர்காற்று ஊதுகிறது, அதே நேரம் முள் மேலே ஏறுகிறது. இதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. கூலன்ட் ஓடவில்லை, எஞ்சின் வேகிறது என்று பொருள். இன்றைய அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துபோக அதிக நேரம் எடுக்காது. நிறுத்திய உடனே மூடியைத் திறந்துவிடவும் கூடாது. உள்ளே 13 முதல் 16 பி.எஸ்.ஐ அழுத்தத்தில், 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும் கூலன்ட், திறந்த கணத்தில் முகத்தில் பீறிடும்.

தெர்மோஸ்டாட்

தெர்மோஸ்டாட் மெழுகு நிரப்பிய சின்ன வால்வு. எஞ்சினைப் பொறுத்து 80 முதல் 95 டிகிரிக்குள் திறக்கும். அதுவரை ரேடியேட்டர் பக்கம் போகும் வழி அடைபட்டிருக்கும்; எஞ்சின் சீக்கிரம் சூடாகும், ஹீட்டருக்கும் சூடு கிடைக்கும். புதிதாகப் போட்டது திறந்தபடியே சிக்கிக்கொண்டாலோ, தவறான டிகிரி உள்ளதைப் போட்டாலோ, கடுங்குளிரில் எஞ்சின் எப்போதும் அரைச் சூட்டிலேயே ஓடும். பி 0128 என்ற பிழைக்குறி வருவது இதற்குத்தான்: கூலன்ட் வரவேண்டிய சூட்டுக்கு வரவில்லை. தலைகீழாகப் பொருத்தியவர்களும் உண்டு. மெழுகு உள்ள ஸ்பிரிங் பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். இன்னொரு நுணுக்கம், சில தெர்மோஸ்டாட்டுகளின் விளிம்பில் ஆடும் ஊசி கோத்த ஒரு பொடித்துளை இருக்கும். காற்று தப்பிப்பதற்காக வைத்தது அது. அந்தத் துளை மேல்பக்கம் வர வேண்டும். கீழே வைத்துப் பூட்டினால் வேலை சரியாகத்தான் முடிந்ததுபோல் இருக்கும், காற்று மட்டும் உள்ளேயே நிற்கும்.

தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு பழக்கம் உண்டு. எஞ்சின் சூடேறுகிறது என்று போனால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று அனுப்பிவிடுவார்கள். சமவெளியில் உடனே தெரியும் கெடுதல் இல்லாததால் அந்த யோசனை ஊறிப்போய்விட்டது. அதே வண்டி டிசம்பரில் ஊட்டிக்குப் போனால் ஹீட்டரில் வெதுவெதுப்புக்கு மேல் எதுவும் வராது. சூடு ஏறாத எஞ்சின் எரிபொருளைக் கூடுதலாகக் குடிப்பதும் தேய்வதும் தனிக் கணக்கு.

அடைப்பும் கலப்படமும்

பழைய வண்டியில் ரேடியேட்டரைக் கழுவிவிட்டதும் ஹீட்டர் நிற்பதற்குக் காற்றைத் தவிர இன்னொரு காரணம், கிளறிவிட்ட சேறு. வருஷக்கணக்காக அடியில் அமைதியாகக் கிடந்த துருவும் உப்பும் கழுவும்போது பெயர்ந்து, வழியிலேயே மிகக் குறுகலான ஹீட்டர் கோர் குழாய்களில் போய் அடைத்துக்கொள்கின்றன. போர்வெல் தண்ணீரையே கூலன்ட்டாக ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது அதிகம். ஒழுக்கை அடைக்க ஊற்றும் பொடியும் திரவமும் இதே வேலையைத்தான் செய்யும். ஒழுகும் ஓட்டை எது, ஓட வேண்டிய ஓட்டை எது என்று அந்தப் பொடிக்குத் தெரியாது. கோர் பாதி அடைத்திருந்தால் டிரைவர் பக்கம் சூடு, பக்கத்து இருக்கைக்குக் குளிர் என்று பங்கு பிரியும். ஹோஸ்களைக் கழற்றி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவினால் பல கோர்கள் பிழைத்துவிடும். முழு அழுத்தத்தில் விட்டால் கோர் கிழிந்துவிடும்.

இரண்டு வகைக் கூலன்ட் கலந்தாலும் சேறு வரலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1990களின் நடுவில் கொண்டுவந்த ஆரஞ்சு நிற டெக்ஸ்கூல், கூலன்ட் குறைந்து காற்று கலந்த வண்டிகளில் பழுப்புச் சேறாக மாறியது என்று அமெரிக்காவில் வழக்குகளே நடந்தன. பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் என்று நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நிறம் நிறுவனத்தின் விருப்பம். கையேட்டில் உள்ள தரக்குறியீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கலவை விகிதம் குளிர்நாட்டில் இன்னும் கறாரான விஷயம். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிப்பாதி என்றால் மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. கோடையில் ஒழுக்குக்காகப் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஓட்டியவர்களும், ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்து விற்கும் டின்னை வாங்கி அதற்கும் தண்ணீர் கலந்தவர்களும் ஜனவரியில் மாட்டிக்கொள்வார்கள். கூலன்ட் பனிக்கூழாகி ஹோஸை அடைத்துவிடும். ஹீட்டர் நிற்பது அதில் சின்ன நஷ்டம். கிளைக்காலை மட்டும் முழுசாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பதும் தவறு. கலக்காத கிளைக்கால் சுமார் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். இனிப்பான விஷமும் அது. நாய், பூனை, குழந்தை கைபடும் இடத்தில் வடித்த பாத்திரத்தை வைக்கக் கூடாது.

அடைப்பு இல்லாமல் பம்பாலேயே ஓட்டம் கெடுவதும் உண்டு. சில ஃபோக்ஸ்வாகன் எஞ்சின்களில் பிளாஸ்டிக் இறக்கை தண்டிலிருந்து கழன்று, தண்டு மட்டும் சுற்றிய கதை உண்டு. பழைய ஷெவர்லே வி-8 எஞ்சின்களுக்குப் பெல்ட் ஓடும் விதத்தைப் பொறுத்து எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு வகைப் பம்புகள் இருந்தன. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், போல்ட் ஓட்டைகளும் பொருந்தும். மாற்றிப் போட்டால் நீரோட்டம் தாறுமாறாகிவிடும்.

டேஷ்போர்டுக்குள்

இரண்டு ஹோஸும் சுடுகின்றன, காற்று மட்டும் குளிர் என்றால் விசாரணை உள்ளே போக வேண்டும். ஏசி காயில், ஸ்டீரியோ, வயரிங் என்று எதற்காகவோ டேஷ்போர்டைக் கழற்றியிருந்தால், வெப்பக் கதவை இழுக்கும் கேபிள் கொக்கியில் திரும்ப மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கலாம். சிறிய மாருதி கார்கள் உட்படக் கேபிளால் இயங்கும் எல்லா வண்டிகளிலும் இது நடக்கும். குமிழைத் திருப்பும்போது வழக்கமான இழுவிசை இல்லாமல் லேசாகச் சுற்றினால் கேபிள் கழன்றிருக்கிறது.

மோட்டாரால் கதவு நகரும் வண்டிகளில் பாட்டரி கழற்றியதே காரணமாக இருக்கலாம். கதவு எந்த இடத்தில் நிற்கிறது என்ற நினைவு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அழிந்துபோகும். சில மாடல்களில் ஃபியூஸைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டு, சாவியைத் திருப்பி, எந்தப் பொத்தானையும் தொடாமல் சில நிமிடம் விட்டால் கதவு தன் இரு எல்லைகளையும் தானே தேடிக் கற்றுக்கொள்ளும். 'டக் டக்' என்ற சத்தம் விடாமல் வந்தால் பல்சக்கரம் உடைந்திருக்கிறது. அது மோட்டார் மாற்றும் வேலை. காற்றே வரவில்லை, அல்லது உச்ச வேகத்தில் மட்டும் வருகிறது என்றால் அது ஊதியின் மின்தடை விவகாரம், கூலன்ட் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஒரு இடத்தில் கராஜ்காரர் சொல்வது நியாயம்.

திரும்பத் திரும்ப

காற்றை எடுத்தாயிற்று, ஹீட்டர் சுட்டது, ஒரு வாரத்தில் மறுபடி குளிர்ந்தது. மறுபடி எடுத்தாயிற்று, மறுபடி குளிர்ந்தது. இங்கே காற்று எடுப்பதை நிறுத்திவிட்டு, காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். ஒன்று, கூலன்ட் எங்கோ ஒழுகுகிறது. முன் இருக்கைக் கம்பளம் ஈரமாக, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஆவி படிந்து, தித்திப்பான வாடை வந்தால் கோரே ஒழுகுகிறது. அல்லது, ஹெட் கேஸ்கட் வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள ஒரு சோதனைக் குழாயை வைப்பார்கள். எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். முதல் பழுதே எஞ்சின் சூடேறியதால் வந்தது என்றால் இந்தச் சோதனையைத் தொடக்கத்திலேயே செய்வது புத்திசாலித்தனம். ரேடியேட்டர் பழுதடைந்து எஞ்சின் சூடாகி, சூடானதில் கேஸ்கட் போயிருக்கலாம். ரேடியேட்டரை மட்டும் மாற்றியவர் கூலன்ட் வெளியே போன வழியை அடைத்தாரே தவிர, எரிந்த வாயு உள்ளே வரும் வழியைப் பார்க்கவில்லை.

இதுவரை சொன்னது எஞ்சின் உள்ள கார்களுக்கு. மின்சாரக் கார்களுக்கு எஞ்சின் சூடு கிடையாது. பாட்டரியையே செலவழித்து மின்சுருளாலோ ஹீட் பம்பாலோ சூடாக்குகின்றன. சிலவற்றில் அதற்கும் ஒரு கூலன்ட் சுற்று உண்டு; அதிலும் ஏர் பிடிக்கும். புதிய சங்கதி, பழுதுபார்ப்பு என்பதே மென்பொருளாக மாறியிருப்பது. 2022 பிப்ரவரியில் டெஸ்லா அமெரிக்காவில் 26 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. ஹீட் பம்பின் வால்வு ஒன்று மென்பொருள் பிழையால் வேண்டாத நேரத்தில் திறந்து, முன்கண்ணாடியைத் தெளிவாக்கும் திறன் குறைந்து, 103ஆம் விதிக்குப் பொருந்தாமல் போனதே காரணம். தீர்வும் காற்றுவழியே அனுப்பிய இன்னொரு மென்பொருள்தான். ஸ்பானர் எதுவும் தேவைப்படவில்லை.

யார் செலவு

டொராண்டோ அடங்கிய ஒன்டாரியோ மாகாணத்தின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாகனப் பழுதுபார்ப்பில் போட்ட பாகத்துக்கும் செய்த வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. எழுதிக் கொடுத்த மதிப்பீட்டைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் பில் போடக் கூடாது. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவதாகவும் கராஜ் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பழைய தெர்மோஸ்டாட்டில் பொறித்திருக்கும் டிகிரியைப் புதியதோடு ஒப்பிட அதைவிட எளிய வழி இல்லை.

கூலன்ட்டை வடித்து நிரப்பிய வேலையில் காற்று எடுப்பதும் அடங்கும். ஆகவே காற்றினால் நின்ற ஹீட்டருக்கு இரண்டாம் முறை பணம் கேட்பது முறையல்ல என்பது என் வாதம். இருபது வருஷ வண்டியில் கிளறிவிட்ட துரு அடைத்துக்கொண்டால் அந்தப் பழியை முழுவதும் கராஜ் மேல் போடுவது கடினம். கழுவும் முன்பே எச்சரித்தாரா என்றுதான் கேட்கலாம்.

இந்த 90 நாளில் ஒரு பொறி இருக்கிறது. ரேடியேட்டர் வேலைகள் பெரும்பாலும் வெயில் காலத்தில் வருகின்றன. ஜூலையில் மாற்றிய வண்டியில் ஹீட்டரை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. போடும்போது நவம்பர் வந்துவிடும், கெடு தாண்டிவிடும். எனவே வெளியே 30 டிகிரி அடித்தாலும், வண்டியை எடுக்கும் அன்றே கராஜ் வாசலில் வைத்து எஞ்சினைச் சூடாக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, ஐட்லிங்கில் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கின் மட்டத்தையும், அந்த வாரம் முழுக்க இடையிடையே அதே நேரத்தில் அதே மட்டத்தையும் பார்த்து வையுங்கள்.